ஆறாவது வளையம்

ஒரு துளைக்கும் அடுத்த தவாளிப்புக்கும் நடுவே
பதினொரு நிமிடம் போய்விடும்:
ஸ்பனர், இழுதண்டு, சுத்தியலால் இரண்டு தட்டு,
பிறகு சிகரெட் தாளைச் செருகி
உயரம் பார்ப்பது முதலிலிருந்து.
இரண்டாம் தட்டுக்கு
மதிலுக்கப்பால் யோகமலர் ரீச்சர் இருமுவா.

விரைவாய் மாற்றும் தலைக்கு விலை கேட்டேன்.
கொழும்புக்காரன் சொன்ன காசுக்கு
இன்னொரு மெசினே உப்புவெளிக்கு வந்திறங்கும்.

சீனன்குடாவில் உடைத்துப் போட்ட
படகு எஞ்சின் தண்டு, கிலோக் கணக்கில்.
அறுத்துக் கடைந்தேன், ஆறு வளையம்.
பன்னிரண்டு மில்லிமீற்றர்க் கழுத்து ஒவ்வொன்றிலும்
ஒன்றை இறுக்கிப் பூட்டினேன்.
இப்போது கொலெற் நட்டுக்கு அரைச்சுற்று,
கட்டர் உள்ளங்கைக்கு வரும்;
அடுத்தது ஏறி
வளையம் முட்டும் இடமே உயரம்.
நாற்பது விநாடி.

ஆறாவது மட்டும் ஒரு மயிரிழை தடிப்பு.
மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தேன்.
எறியவில்லை.
எப்போதும் அதே பிழைதான்,
கழித்துக்கொள்ளலாம்.

நேற்று மதிலுக்கு மேலால் ரீச்சர்:
“மெசினை வித்திட்டீரோ தம்பி,
சத்தத்தைக் காணேல்லை?”
இல்லை என்றேன்.

இரவு பத்துக்குக் கட்டர் மாற்றினேன்,
ஓசையில்லாமல்.
மதிலுக்கப்பால்
அதே இருமல்.