555 நோட்டு

அந்த நவம்பரில்
பதினோரு நாள்தான் மரம் வெட்டினோம்.
வெட்டினோம் என்றா சொன்னேன்?
வெட்டியது அம்மாவும் தனாவும்.
அப்பா உள்ளறையில்
வீங்கிய முழங்காலை நீட்டிப் படுத்து
தகரக் கூரையில் விழும் மழையைக்
கேட்டுக்கொண்டிருந்தார்.
நான் ஐந்தாம் வகுப்பு.

மழை நாளுக்குச் சம்பளம் கிடையாது.
விடியுமுன் பெரட்டுக்களத்தில்
ஈரப் பட்டையைத் தொட்டுப் பார்த்துத்
தண்டல் கையை விரித்தால்
நூறு பேரும் திரும்பி நடப்பார்கள்,
காலி வாளிகள் ஒன்றோடொன்று மோத.
அந்தச் சத்தத்தை வைத்தே
அன்றைக்கு உலை உண்டா என்று
படுத்தபடியே அப்பா சொல்லிவிடுவார்.

தனா பள்ளிக்கூடச் சட்டையை
மடித்துப் பெட்டியில் வைத்தான்.
வைக்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
காண்டாக் கம்பு அழுத்திய தோளில்
மூன்றாம் நாள் தோல் உரிந்தது.
ராத்திரி ஒட்டுப்பால் நாற்றத்தோடு
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவான்.
"இது தப்பு" என்பான்.
தப்பாகத்தான் இருக்கும்.

சம்பளத்தன்று மாலை
மூணாங்கட்டைக் கடைத்தெருவுக்கு
அம்மா என்னைத்தான் கூட்டிப்போனாள்.
வேலாயுதம் கடையில்
ஆணியில் தொங்கும் நோட்டுகளில்
எண்ணெய்க் கறை படிந்தது எங்களுடையது.
அட்டையில் பெரிதாக 555.
கீழே சின்னதாக,
பவுனு, ஏழாம் லயம்.

அரிசி. கருவாடு. மண்ணெண்ணெய்.
ஒரு டின் பால், மறுபடி அரிசி,
அப்பாவுக்குத் தைலம்.
"கூட்டிப் பாரு" என்றாள் அம்மா,
உதடு அசையாமல்.
விரல் மடக்கிக் கூட்டினேன்.
அவர் எழுதியிருந்தது எண்பத்திரண்டு வெள்ளி.
எனக்கு வந்தது அறுபத்தெட்டு.

மறுபடி.
அறுபத்தெட்டு.

பதினான்கு வெள்ளி என்பது
அம்மாவின் நான்கு விடியல்.

அவள் காதில் சொன்னேன்.
அவள் நோட்டைப் பார்க்கவில்லை.
வாசலில் நின்ற லாரியைப் பார்த்தாள்.
அப்பா சரிவில் வழுக்கி விழுந்த அன்று
டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரை
அந்த லாரியில் ஏற்றிப் போனவர்
இதே வேலாயுதம்தான்.
காசு கேட்கவில்லை.
நோட்டில் எந்த வரியிலும் எழுதவும் இல்லை.

பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
யாரோ சீனி கேட்டார்கள்.
அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து
அறுபத்தெட்டு வெள்ளியை
நீவி நீவி மேசையில் வைத்தாள்.

"எம் மவ கூட்டினது இவ்வளவுதான்.
மிச்சம் லாரிக்குன்னா
லாரின்னு எழுதுங்க.
அதையும் கொடுத்துடுறேன்."

வேலாயுதம் வெகுநேரம்
பேனாவைத் தேடினார்.
பேனா அவர் காதில் இருந்தது.
பிறகு எண்பத்திரண்டை அடித்துவிட்டு
அறுபத்தெட்டு என்று எழுதினார்.
லாரி என்று எழுதவில்லை.

அடுத்த மாசம் அரிசியை
அவர் குறைத்து நிறுத்தார் என்பான் தனா.
இல்லை என்பேன் நான்.
நாற்பது வருஷமாக
அண்ணனும் தங்கையும் பேசித் தீராத வழக்கு அது.

திரும்பும்போது டார்ச்சு இல்லை.
பால்மரங்களுக்கு நடுவே
செம்மண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.
மைல்கல் தாண்டியதும் அம்மா கேட்டாள்,
"கூட்டத் தெரியுமே உனக்கு,
வாத்தியார் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. தனா."

அப்புறம் லயம் வரும்வரை
அவள் பேசவில்லை.