எட்டு மணி நேரக் கரை

சென்னையை விட்ட அன்றிரவே
கொழும்பை எழுதி முடித்துவிட்டார் சம்பந்தியம்மா.
சௌந்தரவல்லி. ஓய்வுபெற்ற உதவிக் கருவூல அலுவலர்.
கட்டம் போட்ட நோட்டு, சிவப்பு மை.
ஒன்பதரைக்கு இறங்குவது.
பத்தரைக்குக் கங்காராம விகாரை,
படிகள் எத்தனை என்பதற்கு நேரே ஒரு கேள்விக்குறி.
கழிவறை, மூன்று இடம்.
உட்கார நிழல், இரண்டு.
கடைத்தெரு ஒரு மணி நேரம்,
அதற்குமேல் முழங்கால் தாங்காது
(யாருடைய முழங்கால் என்று எழுதவில்லை).
ஐந்தரைக்குக் கப்பல். ஐந்துக்கே ஏறிவிட வேண்டும்.

பிள்ளைகள் சேர்ந்து எடுத்துத் தந்த சீட்டு.
ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஓரடி.
பதினொரு வருஷத்தில்
ஒரே கூரைக்குக் கீழ் நாங்கள் படுப்பது இதுதான் முதல் தடவை.
நான் பெண் கொடுத்தவள்.
அவர் எண்ணி வாங்கிக்கொண்டவர்.

இறங்கு பலகையில் கால் வைத்ததும்
அவருடைய காதுக் கருவி கீச்சென்று கத்திச் செத்தது.
மாற்று பேட்டரி இன்னொரு பெட்டியில்,
இன்னொரு பெட்டி மாம்பலத்தில்.
நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

துறைமுக வாசலில் பச்சைத் திரீவீல்.
"எங்கம்மா போகணும்?"
"பதிமூணாம் நம்பர்!" என்றார் சம்பந்தியம்மா,
தனக்கே கேட்காத குரலில்,
அதாவது ஊருக்கே கேட்கிற குரலில்.
ஜவ்பர் தலையாட்டினார். வண்டி பறந்தது.
கோயில், தேவாலயம், மீன்கூடை, பள்ளிக்கூட மணி.
"இந்தா, கொழும்பு பதிமூணு. கொட்டாஞ்சேனை.
யார்ட வீடும்மா?"

நான் விளக்கினேன்.
அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.
என்ன சிரிப்பு என்று சம்பந்தியம்மா கேட்டார்.
எப்படிச் சொல்ல?
திரும்பும் வழியில் செட்டியார் தெரு.
இரண்டு பக்கமும் நகைக்கடை.
கண்ணாடிக்குப் பின்னால் வளையல் வளையலாக வெயில்.
அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.
நான் இந்தப் பக்கம் பார்த்தேன்.

புறக்கோட்டையில்,
செங்கல் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட
சம்மாங்கோட்டுப் பள்ளியைத் தாண்டி
மூன்றாவது கடிகாரக் கடையில் கிடைத்தது,
பதினொன்றில் பதிமூன்று.
பொத்தானைவிடச் சின்னது, ஆரஞ்சு வால் ஒட்டியது.
வாலைப் பிரித்தால்தான் உயிர் வரும்.
"கப்பலில் போட்டுக்கிறேன்" என்று
பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.
ஹாரனும் கூவலும் நெரியும் தெருவில்
அவர் முகம் மட்டும் குளித்து வந்ததுபோல் இருந்தது.

விகாரை போயிற்று. சுதந்திரச் சதுக்கம் போயிற்று.
காலி முகத்திடலில் ஒரு பெஞ்சு,
காகிதத்தில் இரண்டு இறால் வடை.
சைவம் அவர். இறாலைக் கிள்ளி என் பக்கம் வைத்துவிட்டு
வடையைத் தின்றார். நான் கேட்கவில்லை.
கடல் வந்து வந்து போனது.
அப்போதுதான் சொன்னேன், கடலைப் பார்த்தபடி,
சாதாரணக் குரலில், பேரனைப் பற்றிப் பேசுவதுபோல்:
"கல்யாணத்தன்னைக்கு நீங்க எண்ணினீங்களே நாப்பது பவுன்,
அதுல ரெண்டு வளையல் கவரிங்.
மனை விற்ற காசு போதலை.
அவளுக்கே தெரியாது."

சம்பந்தியம்மா விரலைத் துடைத்தார்.
ஒரு பையனின் பட்டம் அறுந்து கடல்பக்கம் போனது.
"காத்து ஜாஸ்தி" என்றார்.

குடை ஒன்று வாங்கினோம். தேயிலை இரண்டு பெட்டி.
பேரனுக்கு மர யானை, ஆளுக்குப் பாதி விலை.
ஐந்துக்கே ஏறிவிட்டோம்.
ஜவ்பர் வாசலில் நின்று,
பதிமூணு, பதிமூணு என்று கையசைத்தார்.

இரவு அவர் குளிக்கப் போனபோது நோட்டைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
திரீவீல், குடை, தேயிலை, யானை (பாதி), வடை.
பேட்டரி, ஒன்று.
அதற்குக் கீழே, அதே சிவப்பு மையில்:
வளையல், இரண்டு.
விலைக் கட்டத்தில் ஒன்றுமில்லை,
பக்கத்தில் ஒரு சரிக்குறி மட்டும்.
அடிக்கோடு போட்டு மொத்தமும் கூட்டியாகிவிட்டது.

தண்ணீர் நின்றது. நோட்டை மூடினேன்.
துண்டு சுற்றிய தலையோடு வந்தவர்
கண்ணாடி முன் உட்கார்ந்து
ஆரஞ்சு வாலை இப்போதுதான் பிரித்தார்.
"அடுத்த துறைமுகத்துல படி எத்தனைன்னு
விசாரிச்சு வைங்க" என்றார்.
"உங்க இடது முழங்கால் சரியில்லை.
தூக்கத்துல முனகறீங்க."