ஏழு இலக்கம்

பகலில் ஒருத்தன் தூங்குகிறான் என்று
கொருக்குப்பேட்டையிடம் யாரும் சொல்லவில்லை.
ரயில்வே கேட் மூடினால் ஹாரன், திறந்தால் அதைவிட ஹாரன்.
தண்ணி லாரி வந்தால் குடம்,
வராவிட்டால் சண்டை.

திருவொற்றியூர் யார்டில் ராத்திரி முழுக்கக்
கன்டெய்னர் நம்பர் குறித்துவிட்டு
ஏழரைக்கு வந்து படுப்பேன்.
இமைக்குள்ளும் டிரெய்லர்கள் வரிசை கட்டும்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒருதடவை பார்த்தால் போதும் எனக்கு, அப்போதெல்லாம்.
சீல் உடைந்த பெட்டி எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு என்று
கம்ப்யூட்டரை விட்டுவிட்டு
என்னைத்தான் கேட்பார் சூப்பர்வைசர்.

டில்லி கொடுத்தான். கிரேன் ஓட்டுகிறவன்.
"ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் படு தலைவா,
செத்தவன் மாரி தூங்குவ."
அவன் பொய் சொல்லவில்லை.

முதலில் நின்றது கனவு.
நின்றதே தெரியவில்லை.
வராத விருந்தாளிக்கு யார் இலை போடுகிறார்கள்?
அப்புறம் சில்லறை சில்லறையாக.
பைக் சாவி.
கேஸ் புக் பண்ணச் சொன்னது.
பவுலினின் தங்கச்சி வீட்டுக்காரர் பெயர்
(அவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்).
பாதி வாக்கியத்தில் இறங்கிவிடுவேன்,
கேட்கிறவர் முகத்தில் மீதியைத் தேடிக்கொண்டு.

"சொன்னேன்ல?" என்றாள் அபிஷா.
"எப்ப?"
அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் உறுத்தியது.
மறுநாள் பார்க்கிறேன்,
மாதக் காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டு
பச்சை ஸ்கெட்ச்சில் எழுதியிருக்கிறாள்:
அப்பாவிடம் சொன்னவை.
கணக்குப் பரீட்சை வியாழக்கிழமை. டிக்.
டூர் பணம் அறுநூறு. டிக், டிக்.
மாமா ஆஸ்பத்திரியில். மூன்று டிக்.
பதினோரு வருஷம் பெட்டிகளுக்கு டேலி எழுதியவன் வீட்டில்
எனக்கு டேலி எழுதுகிறது
ஒன்பதாம் வகுப்பு.

அந்த மாசம்தான் எட்டை மூன்று என்று எழுதினேன்.
ஒரு கோணல், அவ்வளவுதான்.
குளிரில் இருக்கவேண்டிய இறால்
பிளக் இல்லாமல் ரெண்டு நாள் வெயிலில் கிடந்தது.
கதவு திறந்தபோது
கிரேன் மேலிருந்த டில்லியே மூக்கைப் பொத்தினான்.
சூப்பர்வைசர் திட்டுவார் என்று நின்றேன்.
அவர் என்னைக் கேட்காமல்
கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

விட்டேன்.
மூன்று பகல் கூரையின் விரிசலை எண்ணினேன்.
நாலாம் பகல் கண் அசந்ததும்,
எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்று நாள் நின்ற வண்டிகளுக்கு
ஹார்பர் கேட் திறந்துவிட்ட மாதிரி
மூன்று வருஷக் கனவும் ஒரே நேரத்தில் உள்ளே.
எர்ணாவூர் பாலம் தண்ணிக்கடியில்.
செத்துப்போன எங்கள் ராஜா நாய்
ஹெல்மெட் போட்டுக்கொண்டு.
பவுலின் தண்டவாளத்தில் சூரை மீன் நறுக்குகிறாள்,
ரயில் பொறுமையாகக் காத்திருக்கிறது.
நாற்பது நிமிஷம். பனியன் பிழிந்தால் தண்ணீர்.
டாக்டரம்மா சொன்னார், இப்படித்தான் சில வாரம் வரும்,
பழைய பாக்கி.
மறந்ததெல்லாம் திரும்புமா என்று கேட்டேன்.
"பார்க்கலாம்" என்றார்.
அந்த வார்த்தை மட்டும் அச்சாக நிற்கிறது.

எழுந்தபோது கையில் ஒரு நம்பர் இருந்தது.
நாலு எழுத்து, ஏழு இலக்கம், சுத்தமாக.
அபிஷாவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
"எந்தப் பெட்டிப்பா?"
தெரியவில்லை.
"உள்ள என்ன இருந்துச்சு?"
அதுவும்.
யோசித்துவிட்டு, அவள் இன்னொரு கோடு போட்டாள்.
அப்பா சொன்னவை.

கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேல்,
இடது மூலை, தீப்பெட்டிக்குள் கடைசிப் பொட்டலம்.
அது இருக்கும் இடம்
ஒருநாளும் மறந்ததில்லை.
அதை இன்னும்
அவளிடம் சொல்லவில்லை.