வெட்டச் சொன்ன இடம்

கல்யாண வீடியோவில் ஒரு இடத்தை மட்டும்
வெட்டிவிடச் சொன்னார் மாப்பிள்ளையின் அப்பா.
"அதொண்ணு வேண்டாமுங் தம்பி.
பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க."

வெள்ளகோவில் பக்கம், தோட்டத்துப் பந்தல்.
ஐந்தரைக்குள் முகூர்த்தம்.
முதல்நாள் இணைச்சீர் தொடங்கி
பூபதி உட்கார்ந்ததைவிட நின்றது அதிகம்.
தின்றது அரை இட்லி.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அதையே ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன்.

ஐந்து மணி பதினொரு நிமிடம்: கொட்டாவி.
தூக்கமென்றுதான் அன்று நினைத்தேன்.
பன்னிரண்டு: உதட்டில் சாயம் போகிறது,
மட்ட பனியனை முதல்முறை அலசினாற்போல.
கலர் சரியில்லையென்று
கேமராவைத் திருகினேன்.
கேமராவில் கோளாறு இல்லை.
மேலுதட்டில் வேர்வை.
அதில் என் விளக்குக்கும் பங்குண்டு:
ஆயிரம் வாட், மூன்றடி தூரம்.
என் குரலும் பதிவாகியிருக்கிறது,
"மாப்ள, இங்க பாருங், சித்தே சிரிங்."
சிரிக்கிறான்.
பார்வை என்னைத் தாண்டி
எதோ ஒரு கிணற்றுக்குள் இறங்குகிறது.

அப்புறம் முழங்கால்.
மரம் சாய்வது போலெல்லாம் இல்லை.
ஈரவேட்டி கொடியிலிருந்து நழுவுமே, அது.

மங்கல வாழ்த்து பாதி அடியில் நிற்கிறது.
சாவிக்கொத்து ஓடி வருகிறது.
கசக்கிய வெங்காயம் ஓடி வருகிறது.
சோடா, திருநீறு, "சகுனம்" என்றொரு முணுமுணுப்பு,
கூடவே தலைகள், தலைகள்,
காற்றுக்கு வழியில்லாமல்.
இரண்டு மாமன்கள் அக்குளில் கை கொடுத்து
நிமிர்த்தப் பார்க்கிறார்கள்.

"உக்கார வெக்காதீங்!"

அதுவரை மணப்பெண் வாய் திறந்ததாக
என் டேப்பில் எங்கேயும் இல்லை.
கோகிலவாணி, பெருந்துறையில் நர்ஸ்.
தான் உட்கார்ந்திருந்த முக்காலியை,
மஞ்சள் பூசிப் பூச்சுற்றிய அதே முக்காலியை,
காலால் இழுத்து
அவன் குதிகால் இரண்டையும் தூக்கி அதன்மேல் வைக்கிறாள்.
யாரோ "அய்யோ" என்கிறார்கள்.
மாலையைக் கழற்றுகிறாள்.
இடுப்பில் இறுக்கிய துண்டைத் தளர்த்துகிறாள்.
இரண்டு விரல் அவன் கழுத்தில்;
கண் நேராக என்னிடம்.
"அண்ணா, அந்த லைட்ட அணைங்."

அணைத்தேன்.
மீதிப் படம் வெறும் கருப்பு,
ஓரத்தில் சீரியல் பல்பு சிவப்பும் பச்சையும்,
நடுவில் அவள் குரல்.
"முழிக்காம வாயில தண்ணி ஊத்தாதீங், பொரையேறிக்கும்.
நின்னு நின்னு ரத்தமெல்லாம் காலுல தேங்கிப்போச்சு,
மண்டைக்கு ஏறோணும், அவ்வளவுதான்.
ஒரு நிமிசத்துல முழிக்கலீன்னா நூத்தியெட்டக் கூப்புடுங்."
பிறகு எண்ணுகிறாள், நாடியை.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
இருபத்தாறில் பூபதி கேட்கிறான்:
"ஏனுங், கரண்டு போயிருச்சா?"

அதற்குப்பின் உப்புப்போட்ட எலுமிச்சை ஜூஸ்,
மெதுமெதுவாக எழுந்து உட்காருதல்,
ஐந்து இருபத்தெட்டுக்குத் தாலி.
அது நன்றாகவே வந்திருக்கிறது.

போட்டோ பொறுக்க வந்தவளிடம் விசாரித்தேன்.
"ஈசிஜி பாத்தாச்சுங்ணா, நெஞ்சுல ஒண்ணுமில்ல.
பட்டினி, வெக்கை, நின்னவாக்குல நின்னது.
ஓடறப்ப விழுந்தாலோ,
முன்னுக்கு ஒண்ணுமே தெரியாம பொட்டுனு விழுந்தாலோ
அதுதான் வேற, அதுக்குப் பயப்படோணும்.
இவருக்கு உடம்பே தாக்கல் சொல்லிருக்குது. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல."
ஆல்பத்தில் நாலு பக்கம் தள்ளினாள்.
"மாமா வெட்டச் சொன்னாரா?"
"ஆமாங்."
"எனக்குத் தனியா ஒரு பென்டிரைவ் குடுத்துருங்."

இரண்டாகப் போட்டேன்.
அப்பாவுக்குப் போனதில்
வாழ்த்திலிருந்து நேராகத் தாலி.

இப்போது விளக்கை ஆறடி தள்ளித்தான் வைக்கிறேன்.
கொட்டாவி விடுகிறவனைச் சிரிக்கச் சொல்வதில்லை.
முந்தாநாள் சென்னிமலையில் ஒரு மாப்பிள்ளைக்கு
நானே முக்காலி இழுத்துப் போட்டேன்.
"வீடியோக்காரனுக்கு எதுக்குங் இந்த வேலையெல்லாம்?"
என்று பெண்ணின் சித்தப்பா முறைத்தார்.
படமெடுத்துக்கொண்டே
அவர் உதட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.