முதுகு

மிஸ் அமலோற்பவத்துக்கு
முகம் தெரியும்படி ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

செந்தூலில் அவர் அண்ணன் மகன் வீட்டில்
பரண் வரை ஏறித் தேடினோம்.
பிஸ்கட் டின்னில் ஊசிநூல்,
ஒரு கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடி,
மாதா தேர்ப் பவனியில் எடுத்த குழுப்படம்.
அதிலும் அவர் நிற்குமிடத்தில்
யாரோ பிடித்த குடை.

ஆகவே பதிவிலாகாவில் எடுத்த அந்த ஒன்றைத்தான்
ஆறடிக்குப் பெரிதாக்கினோம்.
எழுபதோ எழுபத்தொன்றோ, தேதி இல்லை.
கவுண்டரில் குனிந்து நிற்கிறார்.
கொண்டை, வெள்ளை ரவிக்கை, அக்குளில் கோப்பு,
முழு முதுகு.
கம்பிக்கு அந்தப் பக்கம்
கடிகாரம் பார்க்கிற குமாஸ்தா.

முதல்வருக்குப் பிடிக்கவில்லை.
‘நினைவு நாள்ல முதுகையா வைக்கிறது?
டத்தோ வர்றாரு.’
கணினியில் முகம் வரைந்து தருகிறேன் என்றான்
வடிவமைப்புப் படிக்கும் ஒருவன்.
தந்தான்.
அது சிரித்தது, பற்பசை விளம்பரம் மாதிரி.
அழிக்கச் சொன்னோம்.

நான் நூலகத்தில் மூன்றாம் நிலை உதவியாளர்.
கண்ணாடிப் பெட்டியில் பொருள் அடுக்குவது என் பொறுப்பு.
ஸ்டேப்ளர். கார்பன் தாள்.
தஞ்சோங் மாலிம், பீடோர், சுங்கை சிப்புட்
என்று மங்கிய ரயில் டிக்கெட்டுகள்.
சிவப்பு ஐசிக்காரர்களுக்காக
அவர் எழுதிய மனுக்களின் நகல், நான்கு கட்டு.
தோட்டத்தை விட்டுப் போ என்றார்கள் அவர்களை.
எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
இவர் போனார், கவுண்டர் கவுண்டராக.

ஒரு மனுவில்,
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
பேனா தயங்கிய ஒரு புள்ளி,
பிறகு மலாயில், நிதானமான எழுத்தில்:
பதினோராம் நிரை, ஆற்றோரம்.
அதிகாரி சிவப்பில் சுழித்துக் கேட்டிருக்கிறார்,
இது ஓர் இடமா என்று.
அடியில் இவர் கை:
இடம்தான், ஐயா. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதை மட்டும் பெட்டிக்குள் வைக்க மனம் வராமல்
இரண்டு நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன்.

விழாவன்று மழை.
எல்ஆர்டி கடக்கும்போதெல்லாம் மைக் இரைந்தது.
டத்தோ உரிமைக்குரல் என்று ஒன்பது தடவை சொன்னார்,
லோகாஷினி எண்ணினாள்.
பிறகு நாசி லெமாக் பொட்டலம்.
பிறகு எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு
படத்தருகே வந்தார்கள்.

முகத்தோடு நிற்கத் தெரியும் பிள்ளைகளுக்கு,
முதுகோடு எப்படி நிற்பது?
ஒருத்தி பக்கத்தில் நின்று இரு விரல் காட்டினாள்,
சரியாக வரவில்லை, கீழே போட்டாள்.
ஹுய் லிங்தான் முதலில் திரும்பினாள்,
அவர் பார்த்த திசைக்கு.
அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.
அவளுக்குப் பின்னால் ஹாக்கிப் பையோடு இரண்டு பேர்.
யாரும் சொல்லாமல்
படிக்கட்டு வரை ஒரு வரிசை.

கடைசியில் சர்வின், ஹோட்டல் நிர்வாகம், முதலாம் ஆண்டு.
‘அக்கா, இந்த லைன் எங்க போகுது?’
என்று சத்தமாகக் கேட்டான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு வரவில்லை சிரிப்பு.
ஐசி எண் கட்டத்தில் கோடு கிழித்து
அவனுக்கு நூலக அட்டை போட்டவள் நான்.

அடுத்த செவ்வாய்
நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மேசை போட்டோம்.
பாரம் படித்துச் சொல்ல
சட்டத் துறை புவான் ஸலேஹா.
பெட்டியைத் திறந்து அந்த ஸ்டேப்ளரையே எடுத்தேன்.
துரு. மூன்று தடவை அழுத்தினால்
ஒரு தடவை கடிக்கிறது.

முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவர் கழிவறைக்கு வழி கேட்டார்.
மற்றது சர்வினின் அம்மா.
மேடானில் பிறந்தவர், தமிழில் பாதி மலாய்,
பிளாஸ்டிக் உறைக்குள் அவன் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு.
நாற்காலி இருக்கு, உட்காருங்க என்றேன்.

‘பரவால்ல’ என்று சொல்லிவிட்டு
சுவரோரம் இருந்த படத்துக்குப் பின்னால் போய்
நின்றுகொண்டார்,
வரிசை அதுதான் என்று நினைத்து.