நாலாம் இலக்கம்

கரடியனாற்றுக்கு அங்கால்
மருத வேர்கள் ஓடைக்குள் இறங்கி நிற்கிற இடம்
எங்கள் நாலாம் இலக்கம்.
ஒன்று காட்டோரம். இரண்டு அணைக்கட்டு.
மூன்றின் அடையாளக் கம்பை யானை முறித்தது;
திரும்ப நட யாரும் போகவில்லை.

முழங்கால் தண்ணீரில் வலையை நான் பிடிக்க
றுஷ்தா காலால் கல்லைப் புரட்டுவாள்,
மூன்று நிமிடம்.
பிறகு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து
ஏதாவது அசையும் என்று குனிந்திருப்போம்.

எண்ண வேண்டியது ஒரு பூச்சியின் குஞ்சை.
நெல்மணியிலும் சின்னது.
வயிற்றோரம் இலையிலையாய்ச் செவுள்,
பின்னால் மயிர்போல மூன்று வால்.
தண்ணீர் கெட்டால் முதலில் காணாமற் போவது அதுதான்.
தாளில் லத்தீன் இருந்தது, தமிழ் இல்லை.
'மூவாலி' என்று றுஷ்தா பென்சிலால் எழுதினாள்,
அழிக்க மறந்தோம்.

சிறுபோகம் தொடங்கிய கிழமை மூவாலி நாற்பத்தொன்று.
அடுத்த கிழமை இரண்டு.
பிறகு பத்தொன்பது. பிறகு பூச்சியம்.
மழை இல்லை. குளத்துக் கதவும் அதே அளவுதான்.
ஒட்சிசன் சரி, அமிலத்தன்மை சரி.
"எண்ணினதில் பிழை" என்றார்
வந்தாறுமூலையில் எங்கள் பேராசிரியர்.
திரும்ப எண்ணினோம்.
போத்தலுக்குள் கிடந்த இரண்டு
இரண்டாகவே கிடந்தன.

அருமைத்துரை அண்ணன் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு
தட்டை எட்டிப் பார்த்தார்.
"என்ன புள்ள, கூனியா?"
கண்ணாடியைக் கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"மூச்சு விடுது என்ன."

எண்ணெய் அடிக்கிறவர். டாங்கிக் கணக்கில் கூலி.
தோளிரண்டிலும் பட்டி அறுத்த கறுப்பு.
எந்தெந்த நாள் குறைந்தது என்று கேட்டார். சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் போனவர்
மறுகா வந்தார், மகளின் பழைய கணிதக் கொப்பியோடு.
கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து:
ஒன்பதாம் திகதி, மேல்வட்டை, டாங்கி பதினாறு, காசு பாக்கி.
பத்தாம் திகதி, மேல்வட்டை, டாங்கி பதினொன்று.

"முடிஞ்சாப்பிறகு இஞ்சதான் கழுவுற" என்று
மருத வேரைக் காட்டினார்.
"வேற எங்க புள்ள கழுவ?"

அன்றிரவு கொப்பியையும் தாளையும் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
அவருக்கு வேலை கிடைத்த கிழமையெல்லாம்
எங்கள் கோடு விழுந்திருந்தது.
அவர் வீட்டில் சும்மா இருந்த கிழமை
எழும்பியிருந்தது.

பல்தேவைக் கட்டடத்தில் கூட்டம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டுகளைச் சுற்றி நெருக்க
கோட்டைச் சுவரில் ஒட்டினேன், பெயர் எதுவும் போடாமல்.
"பூச்சி சாகத்தானே காசு குடுத்து அடிக்கிறம்?"
என்றார் வட்டைவிதானை.
சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்,
சொல்ல வைத்திருந்த அடுத்த வசனம்
அந்தச் சிரிப்பில் போயிற்று.

பின்வரிசையில் அருமைத்துரை எழும்பினார்.
"இந்தப் பள்ளமெல்லாம் நான்" என்றார்.
"கழுவ ஒரு பீப்பா வைச்சுத் தாங்க.
அந்தத் தண்ணிய உங்கட வயலுக்கே திருப்பி அடிச்சுடுறன்."

பீப்பாவுக்குக் காசு சேர ஒரு மாதம்.
மூடியை யாரோ கொண்டுபோக இன்னும் இரண்டு நாள்.

நேற்று நாலாம் இலக்கத்தில் ஒன்பது.
"பத்து" என்றார், தட்டின் மூலையைத் தொட்டு.
"அது கழற்றிப்போட்ட தோல், அண்ணன்."
"கழட்டினது எங்கயோ இருக்கும்தானே?"

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒன்பது என்று எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால்,
ஒரு தோல்.