மூன்றாவது கதிரை

நாடகம் எங்கே படித்தீர்கள் என்று
பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.
போகும் என்றேன்.
அப்படி ஓர் ஊர். தமிழில் எழுதினால்
எந்நேரமும் கிளம்பிக்கொண்டே இருக்கும்.
தலையசைத்தார். அது
சான்றிதழில் இருக்கிற பதில்.

மற்றப் பதில் வுப்பெர்டாலில்,
மருந்துக்கடைக்கு மேலே, முதலாம் மாடியில்.
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
வயிற்றைக் காட்டிக்கொண்டு கடக்கும்.
டொக்டர் லின்டெமானுக்கு ஒரு கதிரை,
அப்பாவுக்கு ஒன்று,
நடுவில் என்னுடையது. வயது பதினொன்று.
கால் தரையில் முட்டாது.

இரண்டு சிறுநீரகமும் கைவிடுகின்றன,
கூடினால் ஒரு வருடம், பிறகு இயந்திரம்தான்
என்றார் அவர்.
'உப்பைக் குறைக்கட்டாம்' என்றேன் நான்.
'காசுக்காக வரச்சொல்லுறான், கள்ளன்' என்றார் அப்பா.
'அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார்' என்றேன்.
டொக்டர் சிரித்தார்.
அதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார்.
என் உள்ளங்கை வேர்த்திருந்தது.
இருவரும் நம்பிவிட்டார்கள் என்பதில்
வெட்கத்தோடு கலந்து
ஒரு ருசி.

அந்த ருசியைப் பற்றி
விண்ணப்பப் படிவம் எதிலும் நான் எழுதியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நாடகத்துக்கு ஆள் போதவில்லை,
கதவாக நிற்கச் சொன்னார்கள்.
நாற்பது நிமிடம் கதவு.
ஒரேயொரு தடவை திறக்க வேண்டும்.
திறந்தபோது, எவரும் எழுதித்தராத
ஒரு பெருமூச்சு விட்டேன்.
மூன்றாம் வரிசையில் யாரோ சிரித்து
பாதியில் நிறுத்தினார்கள்.
அதற்குப் பிறகு கணக்குப் பாடத்தில்
நான் தேறவேயில்லை.

மூன்று நகரங்கள், மூன்று நடிப்புப் பள்ளிகள்,
மூன்றும் வேண்டாம் என்றன.
'உங்கள் முகம் எல்லாவற்றையும் மறைக்கிறது' என்றாள்
கடைசிப் பள்ளியில் ஒருத்தி.
இன்றுவரை எனக்குக் கிடைத்த
மிகச் சரியான விமர்சனம் அது.
வாடகை கட்ட வேண்டியிருந்தது.
ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப்போட்டேன்.
இலட்சியம் கிலட்சியம் ஒன்றுமில்லை,
அன்றைக்கு மேசையில் அந்தப் படிவம் கிடந்தது.

முதல் வகுப்பு செவ்வாய்க்கிழமை.
மண்டபத்தில் அவித்த நூடில்சும் சப்பாத்தும் மணத்தன.
யாரும் நடிக்க வேண்டாம்,
கதிரையிலிருந்து எழும்புங்கள், அதுபோதும் என்றேன்.
தாரெக் எழும்ப ஏழு நிமிடம் எடுத்தான்.
முழங்காலில் கை வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான்.
இருபத்தாறு பிள்ளைகளில்
ஒருவர்கூட இருமவில்லை.
நான் விழுந்தது
அந்த ஏழு நிமிடத்துக்குள்.

வருட முடிவில் மேடையேற்றினோம்.
அப்பா வந்தார், இயந்திரத்திலிருந்து நேரே,
முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டருமாக.
திரும்பும்போது தொங்குரயிலில்
நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஆறு கீழே கறுப்பாக ஓடியது.
பிறகு சொன்னார்:

'அண்டைக்கு டொக்டரிட்டையும்
நல்லாத்தான் நடிச்சனி.'

'உங்களுக்கு விளங்கினதோ?'

'நீரன் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே?
நான் கோப்பை கழுவின குசினியிலை
கிழமைக்கு ரெண்டுதரம் அதைத்தான் பொரிப்பாங்கள்.'

'பிறகேன் சிரிச்சனீங்கள்?'

'நீ நடிச்சுக்கொண்டிருந்தாய்.
நடுவிலை குழப்பக்கூடாதெல்லோ.'

பெட்டி வளைவில் ஒருபக்கம் சரிந்தது.
இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம்.

நேற்று செனாயிட் வந்து நின்றாள்.
ஏழாம் வகுப்பு, இரண்டே வசனம்.
நாளைக்கு ஒத்திகைக்கு வர முடியாதாம்,
அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில் பேச வேண்டுமாம்.
நான் தொலைபேசியை எடுத்தேன்.
வளர்ந்த ஒருவரை மொழிபெயர்க்க வையுங்கள் என்று
ஆஸ்பத்திரியோடு இருபது நிமிடம் சண்டை பிடித்தேன்,
வென்றேன்.
'நீ ஒத்திகைக்கே வா' என்றேன்.

அவள் பார்த்தாள்.
அது நன்றி இல்லை.
பாத்திரத்தைப் பறிகொடுத்த ஒரு நடிகை
அப்படித்தான் பார்ப்பாள்.
எனக்குத் தெரியும்.